வேப்பமரத்தில் கட்டிய மாநாடு

எங்கள் பக்கத்தில் மைக் பிடித்து எது நடந்தாலும் வாசலில் இரண்டு ஒலிபெருக்கி கட்டவேண்டும். வாய் அகன்ற, கூம்பு மாதிரியான பழைய சாமான். திருவிழாவுக்கு மட்டுமல்ல. கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வயல் செய்கிற கமக்காரர் கூட்டம், முன்பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழா எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. உள்ளே இருக்க இடம் கிடைக்காதவரும், வயலில் நிற்பவரும், அழைப்பு வரவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பவரும் கேட்கவேண்டும். வெளியில் கேட்காத கூட்டம் என்றால் ஏதோ ஒளித்துச் செய்கிறார்கள் என்று சனம் நினைக்கும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழில் செய்கிறேன். வெளியில் ஸ்பீக்கர் கட்டவா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கட்டவேண்டாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஆகவே கிளிநொச்சியில் நடந்த விஞ்ஞான மாநாட்டுக்கு என்னைக் கூப்பிட்டபோதும் நான் கேட்கவில்லை.

கூப்பிட்டவர் ஒரு இளம் டொக்டர். தொலைபேசியில் பேசினார்.

"அண்ணை, ஒரு நாள் அலுவல்தான். காலமை எட்டரைக்குத் தொடங்கும். கொலரில குத்துற சின்ன மைக்கும் ஒண்டு வேணும். வெளிநாட்டில இருந்தும் ஆக்கள் வருகினம்."

"ஓம் சேர்."

"கூ எண்டு சத்தம் வரக்கூடாது."

"வராது சேர்."

"என்ன மாநாடெண்டு கேக்கேல்லையே?"

"என்ன மாநாடு சேர்?"

"வைரசால வாற கான்சர் பற்றினது அண்ணை. ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் எல்லாரும் வருகினம்."

ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று இரவு சாப்பிடும்போது, கிளிநொச்சியில் ஒரு கூட்டத்துக்கு ஓடர் வந்திருக்கிறது என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். என்ன கூட்டம் என்று சொல்லவில்லை.

காரணம் இருந்தது. அவளுடைய அக்கா இரண்டு வருடத்துக்கு முன்னர் கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோயால் இறந்தார். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு மாதமும் பக்கத்தில் நின்று பார்த்தவள் என் மனைவிதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டி வந்தால் "அந்த வருத்தம்" என்போம்.

மனைவிக்கு நாற்பத்தைந்து வயதாகியதும் எங்கள் பகுதி மருத்துவமாது வந்து, சுகவனிதையர் கிளினிக்கில் ஒரு சோதனை செய்யவேண்டும் என்று துண்டு கொடுத்தார். பெண்களுக்கு அந்த வயதில் செய்கிற சாதாரணச் சோதனை. மனைவி துண்டைக் கலண்டருக்குப் பின்னால் செருகினாள். இரண்டாம் துண்டும் அங்கேயே போனது. மூன்றாம் துண்டு வந்தபோது கலண்டர் சுவரிலிருந்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது.

அவள் சொன்ன நியாயம் இது: "அக்கா நல்லாத்தான் இருந்தவா. சோதனைக்குப் போனவா. போய் ஆறு மாசத்தில முடிஞ்சுது. போகாமல் இருந்திருந்தா இப்பவும் இருந்திருப்பா."

அதில் எங்கோ பிழை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைவிட, கதைக்கக் கூச்சப்படுகிறவன். ஊரெல்லாம் கேட்க மைக் கட்டுகிற எனக்கு வீட்டுக்குள் நாலு வார்த்தை தொடர்ந்து வராது. கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் நெல், வேலி, மாடு, பிள்ளையின் படிப்பு ஆகிய நான்கு விஷயங்களைத்தான் கதைத்திருக்கிறோம். ஒருநாள் துணிந்து, "அந்தக் கிளினிக்குக்கு..." என்று தொடங்கினேன்.

"என்ன கிளினிக்?" என்று திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டுக்கு" என்றேன்.

சொன்ன பாவத்துக்கு மறுநாள் மிருக வைத்தியரைக் கூட்டிவரவேண்டியதாயிற்று. மாடு நல்ல சுகம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் எனக்குப் பயம் இருந்தது. அந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போக எல்லோரும் வெளிக்கிட்டபோது அவள் தான் வரவில்லை என்றாள். பெண்கள் கோயிலுக்குப் போகாத நாட்கள் மாதத்தில் ஒருமுறைதான் வரும். அவளுக்கு அது வந்து போய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு வந்தது. கேட்டதற்கு, "வயசுக்கு அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மாநாட்டு நாள் விடியவே போய் வயர் இழுத்தேன். மண்டபம் பெருந்தெருவோடு இருக்கிறது. வாசலில் நல்ல வேப்பமரம். இரண்டு கூம்பையும் அதில் ஏற்றி, ஒன்றைத் தெருப்பக்கமும் மற்றதைச் சந்திப்பக்கமும் திருப்பிக் கட்டினேன். தெருவுக்கு மறுபுறத்தில் ஒரு தையல்கடை. நாலு பெண்கள் அங்கே தைக்கிறார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. கூம்பைத் திருப்பும்போது அந்தக் கடைப் பலகையை நான் பார்த்தேன். ஊருக்குக் கேட்கும் என்று தெரியும். அந்த ஊருக்குள் என் மனைவியும் இருக்கிறாள் என்று அந்த நேரம் மனதில் படவில்லை.

உள்ளே கதவுகளை மூடிக் குளிரூட்டி போட்டார்கள். அதற்குப் பிறகு வெளியில் இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. நான் பின்மூலையில் என் பெட்டிகளோடு இருந்தேன். எல்லோருக்கும் கழுத்தில் அட்டை கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று. பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அதைத் தொங்கவிட்டிருந்ததால் இரண்டு வெளிநாட்டுக்காரர் வந்து கைகொடுத்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள். தலையாட்டினேன். இருவரும் திருப்தியாகப் போனார்கள்.

நான் எத்தனையோ மேடை பார்த்தவன். விஞ்ஞானிகளின் மேடை தனி ரகம். ஒவ்வொருவருக்கும் கால் மணித்தியாலம். தலைமை தாங்குபவரிடம் ஒரு சின்ன மணி இருக்கும். நேரம் முடிந்தால் அடிப்பார். கோயிலில் மணி அடித்தால் சனம் கதையை நிறுத்தும். இங்கே மணி அடித்தால் இன்னும் வேகமாகக் கதைப்பார்கள். கடைசிப் படம் என்று சொல்லித் திரையில் ஒரு படம் போடுவார்கள். பிறகு மெய்யான கடைசிப் படம். அதற்குப் பிறகு நன்றிப் படம். நன்றிப் படத்தில் ஒரு பெரிய சனக்கூட்டம் சிரித்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி நேரமும் அப்படித்தான். எழும்புபவர் கேள்வி கேட்கமாட்டார். தான் என்ன ஆராய்ச்சி செய்தேன் என்பதைச் சொல்லுவார். மேடையில் நிற்பவர், நல்ல கேள்வி என்று நன்றி சொல்லுவார். கமக்காரர் கூட்டத்தில் இப்படி ஒருவர் எழும்பினால், "கேள்வியைக் கேளும்" என்று நாலு பேர் சத்தம் போடுவார்கள். படித்தவர்களுக்குப் பொறுமை கூட.

ஆங்கிலத்தில் எனக்கு வைரஸ், கான்சர் என்ற இரண்டு சொல்தான் பிடிபட்டன. படங்களைப் பார்த்தேன். அந்த வைரசைப் பெருப்பித்துக் காட்டினார்கள். மேலெல்லாம் மொட்டு மொட்டாக, அச்சாக அன்னமுன்னாப் பழம். இந்த வடிவான சாமானா எங்கள் அக்காவைக் கொண்டுபோனது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படத்தில் ஒரு சிவப்பு வெளிச்சப் புள்ளியால் தொட்டுத் தொட்டு விளக்கினார்கள். உலகம் சுற்றிய ஒரு பெரிய பேராசிரியர் பேசும்போது அந்தப் புள்ளி நடுங்கியது. கை நடுங்கினால் புள்ளியும் நடுங்கும், மறைக்க முடியாது. அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

தேநீர் இடைவேளையில் யாரோ என்னையும் தேநீர் குடிக்கச் சொன்னார்கள். உள்ளே இருக்கிற ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டுகிற அம்ப் ஒன்று, மரத்தில் இருக்கிற கூம்புக்குப் பழைய அம்ப் ஒன்று தனியாக. உள்ளே இருக்கிறதற்கானதை நிறுத்திவிட்டுப் போனேன். பழையதை நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை. திருவிழா என்றால் பத்து நாளும் எரிந்துகொண்டே இருக்கும்.

சிவப்புப் புள்ளிப் பேராசிரியர் கொலர் மைக்கைக் கழற்றாமல் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்தான். பக்கத்தில் நின்ற நண்பரிடம் சொன்னார்:

"இந்த ரோல்ஸால எறிஞ்சா வைரசே செத்துப்போகும்."

"மெல்லக் கதை."

"ஆருக்குக் கேக்கப்போகுது? உமக்கு முதல் பேசினவரைக் கவனிச்சனீரே? மூண்டு வருசமா அதே படத்தைத்தான் காட்டுறார். வைரசே மாறுது. ஆள் மாறேல்லை."

நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். சந்தியும் கேட்டது என்று எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டோடு, சிற்றுண்டி கொடுத்த கடைக்காரர் சுடச்சுட ஒரு பெட்டி ரோல்ஸ் அனுப்பியிருந்தார். "காலமை தந்த ரோல்ஸ் காய்ஞ்சுபோச்செண்டு கேள்விப்பட்டம், மன்னிக்கோணும்" என்று கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனார். ஆர் முறைப்பாடு செய்தது என்று இளம் டொக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். பேராசிரியரும் தனக்குத் தெரியாது என்றார்.

பின்னேரம் தமிழில் ஒரு அமர்வு. மருத்துவமாதுக்கள் இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் பகுதிக்காரரும் இருந்தார். பேசியவர் ஒரு பெண் டொக்டர். வைரஸ் பற்றிப் படித்து, பிற நாட்டிலும் வேலை செய்துவிட்டு வந்தவர். மேடையில் ஏறாமல், கீழே மேசையில் சாய்ந்து நின்று எங்கள் பேச்சிலேயே பேசினார்.

"இந்த வைரஸ் எங்களில கனபேருக்கு வாழ்க்கையில ஒருக்கா எண்டாலும் வந்து போகும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இதில நல்லவை கெட்டவை எண்டு ஒண்டும் இல்லை. சிலபேரில போகாமல் குந்திக்கொண்டிருக்கும். அப்பிடிக் குந்தியிருந்தாலும் கனவருசம் எடுத்துத்தான் கான்சராகும். ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கிற அளவு காலம். அவ்வளவு காலமும் அது எங்களுக்கு நேரம் தந்துகொண்டுதான் இருக்குது. நாங்கள்தான் போறமில்லை."

நான் பெட்டியை விட்டு நிமிர்ந்து இருந்தேன்.

"சோதனை எண்டது கான்சரைத் தேடுறதில்லை. அதுக்கு முதல், மாறத் தொடங்கின இடத்தைத் தேடுறது. வேலிக்கு நட்ட கதியால் தடியொண்டு உக்கிப்போனதைக் கண்டு மாத்திறம்தானே, அதுமாதிரி. மாடு உள்ள வந்து பயிரைத் திண்டாப்பிறகு வேலியைப் பாத்து என்ன பிரயோசனம்? பிந்திப் போனவை செத்தது சோதிச்சதால இல்லை. பிந்தினதால."

மனைவியின் நியாயத்தில் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று யோசிக்கத் தொடங்கினேன். "இஞ்சேர், உக்கின கதியால்..." என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதைக் கேட்டால் அவள் வேலியைப் போய்ப் பார்ப்பாள். வேறுமாதிரித் தொடங்கினேன். அதுவும் சரிவரவில்லை.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று டொக்டர் சொன்னார். மருத்துவமாதுக்கள் முன்வரிசைப் பேராசிரியர்களின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த நேரம் பின்கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்கடைக்கார அக்கா உள்ளே வந்தார். என் மனைவிக்கு முதலாளி. எவருக்கும் பயப்படாத மனுசி.

"வணக்கம் மிஸ். நான் முன்னுக்கு இருக்கிற தையல்கடை. ஒரு கேள்வி கேக்கலாமோ?"

"தாராளமாக் கேளுங்கோ. நீங்கள் எங்க இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்?"

"கடையில இருந்துதான். காலமை இருந்து கேக்கிறம். காலமை ஒண்டும் விளங்கேல்லை. இப்ப நல்லா விளங்குது. மிசினை நிப்பாட்டிப்போட்டெல்லோ கேக்கிறம்."

இளம் டொக்டர் என்னைப் பார்த்தார். நான் என் பெட்டியைப் பார்த்தேன். அவர் வெளியே போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணை, மரத்தில என்ன கட்டியிருக்கிறியள்?"

"ஸ்பீக்கர் சேர்."

"ஏன்?"

இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "எப்பவும் கட்டுறது சேர்" என்றேன்.

"எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"காத்து வாய்ச்சா ரயில் ஸ்ரேசன் மட்டும் கேக்கும் சேர்."

முன்வரிசையில் இருந்த சிவப்புப் புள்ளிப் பேராசிரியர் மெதுவாகத் தன் கொலரைத் தொட்டுப் பார்த்தார். மூன்று வருடமாக ஒரே படம் காட்டுகிறவர் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

"உடன நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றார் இளம் டொக்டர்.

நான் கையை நீட்டினேன். "நிப்பாட்டவேண்டாம்" என்றார் பெண் டொக்டர். "சனம் கிளினிக்குக்கு வருகுதில்லை, ஏன் வருகுதில்லை எண்டு நாங்கள் வருசம் வருசமா மாநாடு வைக்கிறம். இண்டைக்குத்தான் மாநாட்டுக்கே சனம் வந்திருக்கு. அக்காட்ட மைக்கைக் குடுங்கோ."

மைக் கொண்டுபோகிற வேலை என்னுடையது. அக்காவுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். ஆகவே நான் பக்கத்தில் நின்று வாய்க்கு நேரே பிடித்தேன்.

"எங்கட கடையில ஒராள் மிஸ். அவவின்ர அக்கா இந்த வருத்தத்திலதான் போனவா. சோதிச்சு ஆறு மாசத்தில போயிட்டா. அதால, சோதிச்சாத்தான் வரும் எண்டு இவ போகாமல் நிக்கிறா. துண்டு குடுத்து மூண்டுதரமாம். இப்ப வரக்கூடாத நாளிலயும் ரத்தம் வருகுது. வீட்டுக்காரரிட்டயும் சொல்லேல்லை."

என் கை நடுங்கத் தொடங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சொன்னார்.

"இப்ப நீங்கள் சொன்னதைக் கேட்டுப்போட்டு என்னட்ட ரண்டே ரண்டு விஷயம் கேக்கச் சொல்லி அனுப்பினவா. ஒண்டு, அக்காவுக்கு வந்தா தங்கச்சிக்கும் ரத்தத்தில வருமோ? மற்றது, சோதிக்கப் போனா, அங்கேயே மறிச்சுவச்சு எல்லாத்தையும் வெட்டி எடுத்துப்போடுவினமோ?"

அன்றைக்கு மண்டபத்தில் எழுந்த எல்லாவற்றிலும் மெய்யான கேள்வி அதுதான்.

பெண் டொக்டர் மேசையை விட்டு நிமிர்ந்து மறுமொழி சொன்னார். "இது வைரசால வாறது. அக்காவுக்கு வந்ததால தங்கச்சிக்கு வந்தே தீருமெண்டு இல்லை. வராதெண்டும் நான் இதில நிண்டு சொல்லமாட்டன், அதுக்குத்தான் சோதனை. சோதிக்கிற அண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் வெட்டமாட்டினம். பஞ்சில தொடுறமாதிரி ஒருக்காத் தொட்டு எடுத்து அனுப்புறதுதான். அஞ்சு நிமிசம். ஆனா ரத்தம் வருகுதெண்டு சொல்லுறியள். அப்ப இனித் துண்டைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம். இந்தக் கிழமையே வரச்சொல்லுங்கோ. ஆரெண்டு பேர் சொல்லத் தேவையில்லை."

"சொல்லமாட்டன் மிஸ்" என்றார் அக்கா. "இந்த மைக் பிடிக்கிறவருக்கும் தெரியாமல் இருக்கிறதுதான் நல்லது."

எங்கள் மருத்துவமாது வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். விளங்காமல் நின்றவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கினார்கள். வெளிநாட்டுக்காரருக்கு யாரோ ஆங்கிலத்தில் சொல்ல, அவர்கள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பொழுதுபட முன்னர் வயர் சுற்றும்போது ஓட்டோத் தரிப்பிடத்தில் நின்ற ஒருவர் வந்து மரத்தடியில் நின்றார். "அண்ணை, காலமை முழுக்க ஆரோ வெளிநாட்டுக்காரற்ர செத்தவீடெண்டெல்லோ நினைச்சம். பின்னேரம்தான் தெரிஞ்சுது. என்ர மனிசியையும் போகச்சொல்லிப் போன் பண்ணிப்போட்டன்." அவர் அதோடு நிற்கவில்லை. "மைக் பிடிச்சவருக்கு மட்டும் தெரியாதாம் எண்டு சந்தியில கதை" என்றார். நான் வயரைச் சுற்றினேன்.

வீட்டுக்கு நேர்வழியில் போகவில்லை. இரணைமடு வாய்க்கால் கரையால் சுற்றிப் போனேன். போனபோது அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"கேள்வி வடிவாக் கேட்டதோ?" என்றாள், திரும்பிப் பாராமல்.

"ஓம். நல்ல தெளிவு."

"உங்கட கை நடுங்கினதாம்."

"ஆர் சொன்னது?"

"கடை அக்காவின்ர வாய் சும்மா இருக்குமோ."

துருவலை ஒதுக்கினாள். "அண்டைக்கு நல்ல மாட்டுக்கு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். அது ஆருக்கெண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? நீங்கள் கேப்பியள் எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நீங்கள் ஊருக்கே சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியள்."

நான் உள்ளே போய், துருவி முடிந்த சிரட்டையை எடுத்து வெளியில் வைத்தேன்.

"அக்காவுக்கு இப்பிடி ஒருத்தரும் முதலே விளங்கப்படுத்தேல்லை" என்று பிறகு மெதுவாகச் சொன்னாள். "வியாழக்கிழமைதானே கிளினிக். நீங்களும் வாங்கோ. உள்ளுக்கு வரவேண்டாம். வெளியில நிண்டாக் காணும்."

வியாழக்கிழமை கிளினிக் வாசலில் கதிரை போதவில்லை. தையல்கடையின் நாலு பேரும் வந்திருந்தார்கள். சந்தையில் மரக்கறி விற்கிறவர்களும், எனக்கு முகம் தெரியாத பலரும். வெளியில் மரநிழலில் ஐந்தாறு கணவன்மார், ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருத்துவமாது வாசலுக்கு வந்து, "ஸ்பீக்கர் கொண்டுவரேல்லையோ அண்ணை?" என்று கேட்டார். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் என் மனைவியின் சிரிப்பும் கேட்டது. ஐந்து நிமிடம் என்று டொக்டர் சொன்னது சரி. ஆனால் முறை வர மூன்று மணித்தியாலம்.

இந்த இடத்தோடு முடிந்திருந்தால் நல்ல பகிடிக்கதை. சோதனையின் மறுமொழி வரச் சில கிழமை எடுத்தது. தபாலில் வரும் என்று இருந்தோம். மருத்துவமாது தானே ஸ்கூட்டியில் கொண்டுவந்தார். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிய விதத்திலேயே மனைவிக்கு விளங்கிவிட்டது.

"பயப்பிட ஒண்டும் இல்லை அக்கா. கொஞ்சம் மாற்றம் இருக்காம். வவுனியாவில பெரிய டொக்டர் ஒருக்காப் பாக்கோணுமாம்."

அவர் போனபிறகு அவள் கதிரையில் இருந்தபடி இருந்தாள். விளக்கு வைக்கவில்லை, சமைக்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "பாத்தியளோ. தேடிப்போனன், வந்திட்டுது. நான் வவுனியாவுக்கு வரேல்லை."

இந்தமுறை கேள்வி கேட்கத் தையல்கடை அக்கா இல்லை. மறுமொழி சொல்ல டொக்டர் இல்லை. என்னைத் தவிர வீட்டில் ஆளே இல்லை. நான் அவளுக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்தேன். என்ன சொன்னேன் என்பதை ஒழுங்காக எழுத முடியாது. ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. "கதியால்தான் உக்கினது. மாடு இன்னும் உள்ள வரேல்லை. கதியாலை மாத்துவம்" என்றேன். "அக்கா பிந்திப் போனவா. நீர் பிந்தேல்லை" என்றேன். அதற்குமேல் சொல் முடிந்துவிட்டது. ஆகவே அதையே திரும்பவும் சொன்னேன். மூன்றாம்முறை சொல்லும்போது அவள், "ஒருக்காச் சொன்னாக் காணும்" என்றாள். பிறகு எழுந்து போய் விளக்கு வைத்தாள்.

வவுனியாவுக்கு விடிய பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரி வாங்கில் அவள் என்னைவிட்டு ஒரு ஆள் இடைவெளி விட்டு இருந்தாள். பெயர் கூப்பிட்டதும் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு இருந்த நேரம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இரண்டுதரம் மாறிவிட்டார்.

பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். டொக்டர் ஒரு தாளில் வட்டம் கீறி, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். கான்சர் இல்லை. கான்சராக மாறக்கூடிய இடம் ஒன்று இருந்தது. அந்தத் துண்டை மட்டும் இன்றைக்கே எடுத்தாயிற்று. ரத்தம் வந்தது அதனால் இல்லையாம். அது வயதோடு வருகிற கோளாறு, அதற்குக் குளிசை. ஆறு மாதத்தில் திரும்ப வந்து காட்டவேண்டும். நான் "ஓம் சேர்" என்றேன். அவள், "எடுத்தது முழுக்க எடுபட்டுதோ சேர்? அந்தத் துண்டையும் சோதிப்பியளோ? மறுமொழி எப்ப வரும்?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். டொக்டர் ஒவ்வொன்றுக்கும் இருந்து மறுமொழி சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் சனம் நிறைந்திருந்தது. பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பின் ஸ்பீக்கர் ஒன்று கிழிந்திருந்தது. அவள் யன்னல்பக்கம் இருந்தாள். மாங்குளம் வருவதற்கு முன்னரே நித்திரையாகி, தலை சரிந்து என் தோளில் விழுந்தது. நாலு பேர் பார்க்க அவள் என் தோளில் சாய்ந்தது அதுதான் முதல்தடவை. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அசையவில்லை. கை விறைத்துக்கொண்டு வந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு வயதான அம்மா கனநேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து கேட்டார்.

"தம்பி, அவாவுக்குச் சுகமில்லையோ?"

"இல்லையம்மா" என்றேன். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டுவந்தார். கொஞ்சம் உரத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.

"சுகம். நல்ல சுகம்."